இராமநாதபுரம் மாவட்ட வழக்கறிஞர்களுக்கு ஒரு மனு

இராமநாதபுரம், பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை, இராமேசுவரம் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வக்கீல் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும், குறிப்பாகச் சீனியரின் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வாய்தா வாங்க ஓடும் இளையவர்களுக்கும் இந்த மனு.

நான் ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் உங்களில் பலர் என்னைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். சிலர் என் கையெழுத்தைத் திட்டியும் இருப்பீர்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, கண்மாய் ஆக்கிரமிப்பு, மானிய டீசல், கடலில் காணாமல் போன மீனவருக்கு நிவாரணம் என்று அடுத்தவர் குறையையே எழுதிப் பழகிய கை இது. இந்த முறை மனுதாரர் நானே. எதிர்மனுதாரர்கள் நீங்கள்.

விஷயம் மண்டபம் அகதிகள் முகாம்.

உங்களுக்குத் தெரிந்த வழக்கிலிருந்தே தொடங்குகிறேன். 1986-ல் மண்டபம் முகாமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். குடும்பம் பின்னர் திருச்சி கொட்டப்பட்டு முகாமுக்குப் போனது. அந்தப் பெண் வளர்ந்து, மணமாகி, பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தார். நீங்கள் இந்தியர் இல்லையே என்று மறுத்துவிட்டார்கள். அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உத்தரவிட்டார். அதன்பிறகு வாக்காளர் அட்டையும் வந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தபோது, முகாமிலிருந்து ஓட்டுப் போட்ட முதல் ஆள் என்று பத்திரிகைகள் படம் போட்டன.

எல்லோரும் மகிழ்ந்தோம். எனக்கு உறுத்தியது வேறொன்று. குழந்தை பிறந்தது நம் மாவட்டத்தில். பிறப்புப் பதிந்தது நம் மாவட்டத்தில். வழக்கு நடந்தது நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் தள்ளியிருக்கும் மதுரையில், திருச்சிக்காரராகிவிட்ட ஒருவருக்காக. நம் பாரில் இருந்து அதற்கு முன்னும் பின்னும் இப்படி ஒரு வழக்கு போனதாக என் காதுக்கு எட்டவில்லை.

சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனாலும் மனு எழுதுபவனுக்குப் பிரிவைக் குறிப்பிடாமல் கை நகராது. குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 3. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் எவராயினும், பெற்றோர் எந்த நாட்டவராயினும், பிறப்பால் குடிமகன். தூதர் பிள்ளை, எதிரி நாட்டவருக்கு எதிரிப் படை ஆக்கிரமித்த இடத்தில் பிறந்த பிள்ளை என்ற விலக்குகள் மட்டும் உண்டு. முகாம் பிள்ளைக்கு விலக்கு எங்கேயும் எழுதப்படவில்லை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவராகவும் இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது டீக்கடை தோறும் அலசப்பட்டது இந்தத் தேதிக் கணக்குத்தான். நம்மவர்கள் தங்கள் பெயருக்காக அலசினார்கள். முகாமுக்குள் யாரும் அலச வரவில்லை.

இப்போது வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகுகள் வரத் தொடங்கின. அப்போதிலிருந்து 1987 ஜூலை இறுதியில் ராஜீவ்–ஜெயவர்த்தன ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை வந்தவர்கள் அரசுக் கணக்கில் 1,34,053 பேர். தலைமன்னார், பேசாலை, மன்னார்ப் பக்கமிருந்து வந்தவர்கள் இராமேசுவரத்திலும் தனுஷ்கோடியிலும் இறங்கினார்கள். இறங்கியவர்களை முதலில் கொண்டுவந்து வைத்த இடம் மண்டபம். இங்கே பெயர் பதிந்த பிறகே கும்மிடிப்பூண்டிக்கும் பவானிசாகருக்கும் கொட்டப்பட்டுக்கும் பிரித்து அனுப்பினார்கள். நிறைமாதமாகப் படகேறி வந்த பெண்கள் எங்கே பிரசவித்திருப்பார்கள்? முகாம் ஆஸ்பத்திரியிலும் இராமநாதபுரம் அரசு மருத்துவமனையிலும்தான். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயதை ஒட்டி இருக்கும். அவர்கள் தமிழ்நாட்டில் எந்த முகாமில் இருந்தாலும், அவர்களின் பிறப்புப் பதிவேடு உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில், ஏதோ ஒரு பீரோவில் இருக்கிறது. சென்னையில் இருக்கும் பெரிய வக்கீலுக்குக் கிடைக்காத வசதி இது. அவர் ஆள் அனுப்ப வேண்டும். நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்வந்துவிடலாம்.

பதிவே இல்லாதவர்களும் இருப்பார்கள். இரண்டு துணியோடு வந்து இறங்கியவர்கள் உரிய நாளுக்குள் பிறப்பைப் பதிந்தோமா என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர்களுக்கும் வழி உண்டு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 13. ஓராண்டு கடந்த பதிவுக்கு முன்பு சட்டம் முதல்வகுப்பு நடுவரின் உத்தரவைக் கேட்டது. 2023 திருத்தத்திற்குப் பிறகு அது வருவாய்த்துறை நடுவர்களின் கையில் இருக்கிறது. மருத்துவமனை ஏடு, முகாமின் பழைய குடும்ப அட்டை, பள்ளிச் சான்று, ஞானஸ்நானப் பதிவு என்று எது கிடைத்தாலும் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டுக் கட்டுவதில் உங்களை மிஞ்ச ஆள் உண்டா?

முன் எச்சரிக்கை ஒன்று. முகாமில் பிறந்தவனை ஏதாவது ஒரு கிராமத்தில் பிறந்ததாக எழுதி, போலிச் சான்று வாங்கி, பாஸ்போர்ட் எடுத்துக் கொடுக்கும் புரோக்கர்கள் உண்டு. அதை நம்பிக் கெட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். உண்மையான பிறப்பே குடியுரிமை தரும்போது பொய்ப் பிறப்பை விலைக்கு வாங்கி, பாஸ்போர்ட் சட்டத்தில் குற்றவாளியாகி நிற்பது எவ்வளவு பெரிய கொடுமை! பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்திருந்தால் நடந்திருக்குமா? புரோக்கர் பிழைப்பதே நீங்கள் இல்லாத இடத்தில்.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆதங்கம். மலையகத்தார். மண்டபம் முகாம் 1983-ல் முளைத்ததல்ல என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் கண்டிச்சீமைக்குத் தேயிலை பறிக்கப் போனவர்களை அடைத்துவைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம் அது. 1948-ல் சுதந்திர இலங்கை செய்த முதல் காரியங்களில் ஒன்று, அப்படிப் போனவர்களின் பிள்ளைகளை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். இவர்களில் யாரும் கேட்கப்படவில்லை. கண்டியில் இருந்த இந்தியத் தூதரகக் கிளை கொடுத்த பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபத்தில் தங்கி, பிறகு ஊர் ஊராகச் சிதறினார்கள். 1984-ல் கப்பல் நின்றுபோனது.

கப்பல் நின்றபோது கையில் இந்தியக் காகிதத்தோடு அக்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் தோட்டத்தை விட்டு வன்னிப் பக்கம் குடியேறி, போரில் அகப்பட்டு, பின்னாளில் கள்ளப்படகில் இங்கே வந்து சேர்ந்தார்கள். இந்தியராகப் பதியப்பட்டவர், இந்தியாவுக்கு அகதியாக வந்தார்! தகரப்பெட்டிக்குள் கண்டியில் முத்திரை குத்திய அந்தப் பழைய காகிதம் இன்னும் இருந்தால் அவர் யார்? அவருக்கு 1987-க்கும் 2004-க்கும் இடையில் இங்கே பிறந்த பிள்ளை யார்? பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்று நிரூபித்தால் அந்தப் பிள்ளையும் பிறப்பாலேயே குடிமகன். இது கருணை மனுவல்ல, ஆவணத்தைக் காட்டிச் செய்யும் வாதம். அந்தக் காகிதங்களைக் கரையான் தின்பதற்குள் யாராவது உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கலப்பு மணம். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வேதாளையிலும் முகாமில் பெண் எடுத்த வீடுகள் உண்டு, முகாமுக்குப் பெண் கொடுத்த வீடுகளும் உண்டு. கூடப் படித்தார்கள், கூட வேலை பார்த்தார்கள், கட்டிக்கொண்டார்கள். அப்படி 1995-ல் பிறந்த பிள்ளைக்குத் தாய் இந்தியராக இருந்தாலே போதும். அதே தாய்க்கு 2006-ல் பிறந்த தம்பிக்குப் போதாது. தகப்பன் சட்டவிரோதக் குடியேறி என்று எழுதப்பட்டால் அவன் இந்தியனல்ல. ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணன் குடிமகன், தம்பி அந்நியன். இதை எத்தனை தாய்மாருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? போன மாதம் ஒரு பெண் கல்லூரிக் கட்டணச் சலுகைக்கு மனு எழுத வந்தார். மகளின் பிறந்த ஆண்டைக் கேட்டேன். 2003 என்றார். அவரே இந்தியர், ரேஷன் கார்டு இராமநாதபுரத்தில். அவர் மகளோ முகாம் அட்டையில் அகதியாக வளர்ந்திருக்கிறாள். நான் கட்டணச் சலுகை மனுவை எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் எழுத என்னிடம் சன்னது இல்லை.

கேள்வி எழும். இதெல்லாம் போக மீதிப்பேர்? முகாம்களில் 58,000 பேர் அளவில் இருப்பதாக 2021-ல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார், முகாமுக்கு வெளியே பதிந்து வாழ்பவர்கள் தனி. பெரும்பாலோருக்கு நான் மேலே சொன்ன எந்தக் கதவும் திறக்காது என்பதை மறைக்கவில்லை. குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 5, பிரிவு 6 இரண்டிலும் சட்டவிரோதக் குடியேறிக்கு இடமில்லை. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டோடு நின்றுவிட்டது. இலங்கையை ஏன் விட்டார்கள் என்பதற்கு இதுவரை எனக்கு விளங்கும்படி ஒரு பதிலும் வரவில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்காகத் தண்டனை இல்லை என்றிருக்கிறது. நல்லது. ஆனால் தண்டனை விலகினால் சட்டவிரோதம் என்ற பட்டமும் விலகுமா? விலகும் என்று வாதாட இடமுண்டு என்று நினைக்கிறேன். அதை எடுத்துச் சொல்ல வேண்டியது கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள். 2022 மார்ச்சில் அக்கரையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் அரிச்சல்முனை மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு மண்டபத்துக்கு வந்தவர்களுக்கு அந்த விலக்கும் இல்லை.

திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கும் வக்கீல் வேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைத் தூதரகத்தில் பதிந்தால்தான் இலங்கைக் குடிமகன் ஆவான். பதியாத பிள்ளைக்கு இந்தக் கரையும் இல்லை, அந்தக் கரையும் இல்லை. சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் தாமதப் பதிவு செய்ய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல வருடமாக உதவிவருகிறது. அவர்களுக்குத் துணையாகச் சட்டம் தெரிந்த கைகள் போதவில்லை. வெளியேறும் அனுமதியும் எளிதில்லை. அக்கரையில் என்ன காத்திருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு முறைப்படி திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். காரணம், அந்தக் காலத்தில் முறையான ஆவணமில்லாமல் நாட்டைவிட்டுப் போனாராம். குண்டுக்குப் பயந்து ஓடியவன் குடிவரவு அதிகாரியிடம் முத்திரை வாங்கிக்கொண்டா படகேறுவான்?

அதே மே மாதம் உச்ச நீதிமன்றம், உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா சத்திரமல்ல என்று ஒரு இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளியது. செய்தியைப் படித்துவிட்டு, இனி முகாம் வழக்கு எதுவும் நிற்காது என்று உங்களில் ஒருவரே என்னிடம் சொன்னார். சந்துக்குச் சந்து சத்திரம் இருக்கிற இராமேசுவரத்துக்காரர் இப்படிச் சொன்னதுதான் வேடிக்கை. அந்த மனுதாரர் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்றவர். நாட்டைவிட்டு அனுப்பாதீர்கள் என்று கேட்டவர். குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 3-இன் கீழ் வருகிறவர் தங்க இடம் கேட்டு வரவில்லை. பிறந்த அன்றே சட்டம் கொடுத்துவிட்டதை எழுதித் தரும்படி கேட்கிறார். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது பாமரன் செய்தால் மன்னிக்கலாம்.

ஃபீஸ் பற்றிப் பேசாமல் வக்கீலுக்குக் கடிதம் எழுதக் கூடாது. முகாமில் குடும்பத்தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. ஆண்கள் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். பொறியியல் படித்தவனும் பெயின்ட் அடிக்கிறான், ஏனென்றால் கம்பெனியில் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளில் ஆள் இல்லையென்றால் பதிவை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் வெளியூர் வேலையையும் விட்டுவிட்டு ஓடிவருகிறார்கள். இவர்களிடம் நீங்கள் எதையும் வாங்க முடியாது. ஆனால் சட்டப் பணிகள் ஆணைக்குழு கொடுக்கும். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12-ஐ எடுத்துப் பாருங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லை. இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர் என்று ஒரு வகை தனியாகவே இருக்கிறது. 1983-இன் பிள்ளைகளை விட அதற்குப் பொருத்தமானவர் யார்? அந்தப் பிரிவு நபர் என்கிறது. குடிமகன் என்று சொல்லவில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உங்கள் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது.

காசு கொடுக்கக்கூடிய கட்சிக்காரர்களும் வெளிநாட்டினர் விவகாரத்திலேயே காத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர் தகவல் கொடுக்க வேண்டும், படித்தால் கல்லூரி கொடுக்க வேண்டும், படுத்தால் மருத்துவமனை கொடுக்க வேண்டும் என்று மேலே சொன்ன புதிய குடிவரவுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இராமேசுவரத்து லாட்ஜ் முதலாளிகளில் எத்தனை பேருக்கு இது சரியாகத் தெரியும்? முகாம் பையனுக்கு வேலை கொடுத்தால் கியூ பிரிவு போலீஸ் வருமா என்று கேட்கும் காண்ட்ராக்டருக்கு எழுத்தில் ஆலோசனை சொல்ல ஆளில்லை. அதனால் அவர் வேலையே கொடுப்பதில்லை, அல்லது பாதிக் கூலிக்கு மறைத்து வைத்துக்கொள்கிறார்.

இங்கிருந்து வெளிநாடு போகிறவர்கள் பக்கமும் அப்படித்தான். கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று வீட்டுக்கு ஒரு சபராளி இருக்கிற கரை இது. மீனவர்கள் பஹ்ரைனுக்கும் சவூதிக்கும் விசைப்படகு வேலைக்குப் போகிறார்கள். குடிபெயர்வுச் சட்டம் 1983-ன்படி ஏஜென்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும், 30,000 ரூபாயும் அதற்கு வரியும் தவிர அவர் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, ரசீதும் இல்லாமல், ஏமாந்த பிறகு என்னிடம் மனு எழுத வருகிறார்கள். போவதற்கு முன் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஐநூறு ரூபாய் கேட்டால் உங்களுக்குக் கொடுக்க மாட்டார்களா? அக்கரையில் ஊர்காவற்துறை, மன்னார், பருத்தித்துறை நீதிமன்றங்களில் என்றைக்கு வாய்தா, எந்தப் படகு அரசுடைமை என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். நம் மீனவர்கள் மாட்டியதால் தேடித் தெரிந்துகொண்டீர்கள். அந்த அக்கறையில் பாதி போதும்.

என் கோரிக்கையை வழக்கப்படி கடைசியில் எழுதுகிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஆணைக்குழுவின் அனுமதியோடு, மண்டபம் முகாமில் ஒரு மேசை போடுங்கள். 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்களின் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள், அதில் வெற்றி நிச்சயம். கண்டிக் காகிதம் வைத்திருப்பவர்களை அடுத்துப் பாருங்கள். மற்ற முகாம்களில் இருக்கும் மண்டபத்துப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று எடுத்து அனுப்புங்கள். பாஸ்போர்ட் மறுக்கப்பட்டால் மதுரையில் ரிட் போடுங்கள், 2022 தீர்ப்பு கையில் இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பவும் நகல் எடுக்கவும் நான் வந்து உட்காருகிறேன், கூலி வேண்டாம்.

சங்கத்தில் பேசிவிட்டு யாராவது ஒருவர் வந்து தேதியைச் சொல்லுங்கள். திங்கட்கிழமைகளில் நான் எங்கே இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
மனு எழுதுபவன்,
ஆட்சியர் அலுவலக வாசல், இராமநாதபுரம்.